என் தோழிக்கு ஒரு மெழுகுவர்த்தி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். வீட்டு வேலை, காட்டு வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறது, மாசம் ரெண்டு குழுக் கூட்டம், இதுதான் என் வாழ்க்கை. எங்க குழுவுக்கு நான் ஊக்குநர். தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "குழுவால வந்த முன்னேற்றம் பத்திப் பேசும்மா" என்றார்கள். நான் அவங்ககிட்ட, "அக்கா, முன்னேற்றம் பத்தி பேச நிறைய பேர் இருக்காங்க. என் தோழி இறந்ததைப் பத்தி நான் பேசலாமா?" என்று கேட்டேன். அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பேசு, அதுவும் நம்ம குழுக் கதைதானே" என்றார்கள். அதனால்தான் இங்கே நிற்கிறேன். நடுவில் அழுதுட்டேன்னா மன்னிச்சுக்கங்க.

அவள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவள் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். அதனால் தோழி என்றே சொல்கிறேன். நம்ம மலைக்காரங்களுக்கு யாரைச் சொல்றேன்னு தெரியும்.

நாங்க ரெண்டு பேரும் ஒரே வயசு. கீழே சிஸ்டர்கள் நடத்தின விடுதியில் தங்கித்தான் படிச்சோம். அப்போ மலைக்குத் தார் ரோடு கிடையாது. லீவு விட்டா அடிவாரம் வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடைதான். நான் மூச்சு வாங்கி உட்காரும்போதெல்லாம் அவள் எனக்கு முன்னாடி ஒரு பாறை மேல நின்னு, "வா புள்ள, இன்னும் கொஞ்சம்தான்" என்பாள். இன்னும் கொஞ்சம் இல்லை, பாதி மலை இருக்கும். அப்படிப் பொய் சொல்லிச் சொல்லித்தான் என்னை மேலே கூட்டிட்டு வருவாள்.

பலா மரத்தில் ஏறுவாள். பாறை இடுக்கில் தேன் எடுக்கப் போகிற ஆம்பளைங்க பின்னாடியே போவாள். ரோடு வந்த பிறகு எங்க ஊரில் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டி வளைவெல்லாம் இறங்கின முதல் பொம்பளை அவள்தான். பின்னாடி என்னை உட்கார வெச்சு, ரெண்டு பக்கமும் காப்பிக்கொட்டை மூட்டையைக் கட்டிட்டு இறங்குவாள். நான் கண்ணை மூடிக்கிட்டு ஜெபமாலை சொல்லிட்டே வருவேன். "உன் மாதா கையில பிரேக் இல்ல புள்ள, என் கையிலதான் இருக்கு. கண்ணத் திற" என்று சிரிப்பாள்.

ஒரு தடவை குழு சார்பில் கண்காட்சியில் சாமையும் மிளகும் விற்கச் சென்னைக்குப் போனோம். விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் கடலைப் பார்க்கப் போய், முழங்கால் அளவுதான் இறங்கினேன் என்று சொல்லி, தலை வரைக்கும் நனைந்து வந்தாள். அன்னைக்குப் பகல் முழுக்க ஈரச் சேலையோடு கடையில் நின்று எல்லாரையும்விட அதிகமாக வித்தது அவள்தான். பனி விழுகிற மலையை ஒரு நாள் பார்க்கணும் என்பதுதான் அவள் ஆசை. அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று அப்புறம் சொல்கிறேன்.

அவள் கிறிஸ்தவள் இல்லை. எங்க குடும்பம் அப்பா காலத்தில் வேதத்தில் சேர்ந்தது. அவங்க குடும்பம் மலையின் பழைய சாமிகளைக் கும்பிடுகிற குடும்பம். கிறிஸ்துமஸுக்கு அவள் எங்க வீட்டில் குடில் கட்டித் தருவாள், பொங்கலுக்கு நான் அவங்க வீட்டு மாட்டுக்கு மாலை கட்டுவேன். எங்களுக்குள் சாமியால் ஒரு நாளும் சண்டை வந்தது இல்லை. வட்டிக் கணக்கால்தான் வந்திருக்கு.

இப்போ அந்த நாளைச் சொல்கிறேன். போன வருஷம் தை மாசம், ஒரு சனிக்கிழமை காலை. மிளகு பறிக்கிற காலம். அவங்க காட்டில் சில்வர் மரங்களில் மிளகுக் கொடி உச்சி வரைக்கும் போயிருக்கும். அவள் வீட்டுக்காரர் கீழே சந்தைக்குப் போயிருந்தார். காலை ஏழு மணி இருக்கும், என் வாசலில் வந்து நின்று, "வா புள்ள, வந்து ஏணியைப் பிடி. ரெண்டு மரம்தான்" என்றாள். நான் துணியை ஊற வெச்சிருந்தேன். மறுநாள் பூசைக்குப் போக வேண்டிய துணி. "அரை மணி நேரத்துல வர்றேன். அதுவரைக்கும் ஏறாதே" என்றேன். அவள் சிரிச்சுட்டுப் போனாள்.

நான் போனபோது ஏணி ஒரு பக்கம் கிடந்தது, அவள் ஒரு பக்கம் கிடந்தாள். ராத்திரிப் பனியில் மூங்கில் ஏணி ஈரமாக இருந்திருக்கு, அடியில் மண்ணும் வழுக்கி இருக்கு. மிளகுச் சரம் பாதி நிறைந்த பை மட்டும் அவள் இடுப்பில் கட்டினபடியே இருந்தது.

ஜீப்பில் ஏற்றி இறங்கினோம். அவள் தலை என் மடியில். ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடிச்சிருந்தாள். எத்தனையோ தடவை அவள் என்னை வண்டியில் கூட்டிட்டு இறங்கின அதே வளைவுகள். நான் அன்னைக்கும் ஜெபமாலைதான் சொன்னேன், ஆனால் கண்ணை மூடவில்லை. பாதி வளைவு தாண்டினதும் அவள் பிடி தளர்ந்துச்சு.

அன்னைக்கு ராத்திரியில் இருந்து எனக்குள் ஒரே ஒரு கேள்விதான். அந்தத் துணியை ஊறவிட்டுட்டே நான் போயிருந்தால்? அரை மணி நேரம். ஒரு துணி துவைக்கிற நேரம். நான் அங்கே இருந்திருந்தால் அவள் இன்னைக்கு இந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து எனக்குக் கை தட்டிக்கொண்டு இருப்பாள்.

துக்கம் கேட்க வந்தவங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனால் சில பேச்சு தாங்க முடியாததாக இருந்தது. "பொம்பளைக்கு எதுக்கு மரம் ஏர்ற வேலை" என்றார்கள். அவள் ஏறினதால்தான் அந்த வீட்டில் ரெண்டு பிள்ளைங்க படிச்சாங்க. "விதி முடிஞ்சுது" என்றார்கள். எங்க பக்கத்திலும் ஒருத்தர், "ஆண்டவர் சித்தம், அழக் கூடாது, விசுவாசி அழலாமா" என்று கேட்டார். இன்னொருத்தர் அதைவிட மோசமாக, "அவ ஞானஸ்நானம் வாங்கலையே, அவளுக்கு மோட்சம் உண்டா" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. மூணு மாசம் எனக்கு ஜெபமே வரவில்லை. மெழுகுவர்த்தி ஏத்துவேன், அது உருகி முடியும் வரைக்கும் சும்மா பார்த்துக்கிட்டு இருப்பேன். குழுக் கூட்டத்துக்கும் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுட்டு வருவேன்.

தபசு காலத்தில் ஒரு நாள் எங்க கோயிலில் யோவான் எழுதின நற்செய்தியில் இருந்து இலாசர் கதையை வாசிச்சாங்க. இங்கே பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியாது, அதனால் சுருக்கமாகச் சொல்றேன். பெத்தானியா என்கிற ஊரில் மார்த்தா, மரியா என்று அக்கா தங்கச்சி. அவங்க சகோதரன் இலாசர், இயேசுவுக்கு ரொம்ப வேண்டியவர். அவருக்கு உடம்பு முடியலைன்னு இயேசுவுக்குச் சொல்லி அனுப்புறாங்க. ஆனால் அவர் உடனே கிளம்பவில்லை. இருந்த இடத்திலேயே இன்னும் ரெண்டு நாள் தங்கிட்டார். அவர் வந்து சேரும்போது இலாசரை அடக்கம் பண்ணி நாலு நாள் ஆகிவிட்டது. மார்த்தா ஓடிவந்து, நீங்க இருந்திருந்தா என் தம்பி செத்திருக்க மாட்டானே என்று முறையிடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து மரியா வந்து அதே முறையீட்டைத்தான் சொல்கிறாள்.

சின்ன வயசில் இருந்து இதைக் கேட்டிருக்கேன். அன்னைக்குத்தான் எனக்குள்ளே ஏதோ தட்டின மாதிரி இருந்தது. நீங்க இருந்திருந்தா, என்று அந்தப் பொம்பளைங்க ஆண்டவரைக் கேட்ட கேள்வியைத்தானே நான் என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன்! அந்தக் கேள்விக்கு இயேசு கோபப்படவில்லை. ஏன் இப்படிக் கேட்கிறீங்க, விசுவாசம் இல்லையா என்று அதட்டவில்லை. மார்த்தா பேசுகிறவள், அவளிடம் உயிர்ப்பைப் பற்றிப் பேசினார். மரியா அழுகிறவள், அவளைப் பார்த்து அவரும் அழுதார். இன்னும் கொஞ்ச நேரத்தில் இலாசரை எழுப்பப் போகிறோம் என்று தெரிஞ்சும் அழுதார். அப்போ அழுகை விசுவாசத்துக்கு எதிரி இல்லை என்று எனக்குப் புரிஞ்சுது. கோயிலில் உட்கார்ந்தபடியே நான் அழுதேன். மூணு மாசத்துக்கு அப்புறம் எனக்கு வந்த முதல் ஜெபம் அதுதான். வார்த்தை எதுவும் இல்லை.

இலாசர் எழுந்து வந்தார், என் தோழி வரலை. அதையும் ஒளிக்காமல் சொல்லணும். ஏன் அங்கே மட்டும், ஏன் இங்கே இல்லை என்று இன்னைக்கும் சில நாள் கேட்பேன். பதில் வரவில்லை. ஆனால் கேட்கிறதை அவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று நம்புறேன். என் விசுவாசம் அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை.

ஃபாதரிடம் போய், அந்த ஞானஸ்நானக் கேள்வியைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துட்டு, "உன் தோழி மேல உனக்கு இருக்கிற பாசத்தை விட, அவளைப் படைச்ச கடவுளுக்குப் பாசம் குறைவுன்னு நினைக்கிறியாம்மா?" என்றார். "இல்லை சாமி" என்றேன். "அப்போ அவர் கையில விட்டுரு" என்றார். விட்டுட்டேன். அந்தக் கேள்வியை இனிமேல் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

பனிமலை ஆசையைப் பத்திச் சொல்றேன்னு சொன்னேன் இல்லையா. விடுதி நூலகத்தில் சாது சுந்தர்சிங் பற்றின புத்தகம் ஒன்று இருந்தது. அதை என்னைவிட அவள்தான் அதிகம் படிச்சாள். அவர் பஞ்சாபில் 1889-ல் பிறந்த சீக்கியர். சின்ன வயசிலேயே அம்மாவை இழந்தவர். 1905-ல் ஞானஸ்நானம் வாங்கி, காவி உடுத்தி, ஊர் ஊராக நடந்தார். இமயமலைக் கணவாய்களைத் தாண்டித் திபெத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். 1918-ல் நம்ம தென்னாட்டுக்கும் இலங்கைக்கும்கூட வந்திருக்கிறார். 1929 ஏப்ரல் மாசம், உடம்பு சரியில்லாத நிலையிலேயே மறுபடியும் திபெத்துக்குக் கிளம்பினார். அதுக்கு அப்புறம் அவர் திரும்பி வரவே இல்லை. நண்பர்கள் தேடிப் போனார்கள், ஒரு தடயமும் கிடைக்கவில்லை. காந்தியடிகளுக்கு நண்பராக இருந்த சி.எஃப். ஆண்ட்ரூஸ், சுந்தர்சிங்குக்கும் நண்பர். அவர் சில வருஷம் கழித்து, 1934-ல், தன் நண்பரின் நினைவாக ஒரு புத்தகம் எழுதினார்.

சின்ன வயசில் நான் அவளிடம், "அவருதான் சீக்காளியாச்சே, ஏன் போனாரு? பேசாம இருந்திருக்கலாம்ல" என்பேன். அவள், "போகாம இருந்தா அவரு அவரா இருப்பாரா புள்ள?" என்பாள். அவள் இறந்த பிறகு அந்தப் பேச்சுதான் என்னை ஆற்றினது. ஏறாமல் இருந்தால் அவள் அவளாக இருந்திருக்க மாட்டாள். அவளை எனக்குப் பிடிச்சதே அந்தத் துணிச்சலால்தான். இப்போ செத்துட்டாள் என்பதற்காக அந்தத் துணிச்சலைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. ஆண்ட்ரூஸும் நண்பரின் உடம்பைப் பார்க்காமலேதான் துக்கப்பட்டிருப்பார். எனக்காவது அவள் தலை என் மடியில் இருந்தது.

ஆனால் துணிச்சல் வேற, கவனம் இல்லாதது வேற. இதையும் நான் சொல்லியாகணும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெண்கள் தினத்தை ஒட்டி மலையேறப் போன பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். காய்ந்த புல்லில் தீப் பிடிச்சு, காற்றில் பரவி, இருபதுக்கும் மேற்பட்ட உயிர் போச்சு. முதலில் ஓடிப்போய் உதவினவங்களில் அந்த மலை ஜனங்களும் உண்டு, அப்புறம் விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. அந்தச் செய்தியைப் பார்த்துட்டு என் தோழி முன்பின் தெரியாத அந்தப் பொண்ணுங்களுக்காக அழுதாள். அழுதுட்டு, "மலைக்கு வந்தது தப்பில்ல. மாசி பங்குனியில காஞ்ச புல்லுக்குள்ள போகக் கூடாதுன்னு அவங்களுக்கு யாராவது சொல்லியிருக்கணும். தீ மேட்டைப் பார்த்துத்தான வேகமா ஏறும்" என்றாள். அதுக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசாங்கமே விதிமுறை கொண்டு வந்தது. அந்தக் குடும்பங்களில் எத்தனை தோழிகள் என்னை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். அவங்களுக்குச் சொன்ன புத்தியை அவள் தனக்குச் சொல்லிக்கலையே என்று கோபமும் வரும். செத்துப்போனவங்க மேல கோபம் வரும், சகோதரிகளே. அது பாவம் இல்லை.

இன்னொரு தப்பும் உண்டு. அது என் தப்பு. நம்ம எல்லாருக்கும் தெரியும், பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்கிற விபத்துக் காப்பீடு இருக்கு. வருஷத்துக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். வருஷா வருஷம் நம்ம வங்கிக் கணக்கில் இருந்து அதுவாகவே பிடிச்சுக்குவாங்க. ஆனால் பிடிக்கிற நேரம் கணக்கில் பணம் இருக்கணும். ஜூன் ஒண்ணாம் தேதி முதல் அடுத்த மே 31 வரைக்கும்தான் ஒரு வருஷக் கணக்கு. அதுக்கு முந்தின மே மாசம், பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்குதுன்னு அவள் கணக்கில் இருந்ததை எல்லாம் எடுத்துட்டாள். கூட்டத்தில், "கணக்கில பணம் வெச்சிரு" என்று சொன்னேன். "எனக்கு என்ன ஆகப்போகுது புள்ள" என்று சிரிச்சாள். எல்லாரும் சிரிச்சோம், நானும்தான். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்திருக்க வேண்டியது ஊக்குநரான என் வேலை. பார்க்கவில்லை. 20 ரூபாய் இல்லாததால் 2 லட்சம் போச்சு. அவள் சின்னப் பையன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு முள்ளாகக் குத்தும்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். மன்னிப்பு கிடைச்சது. ஆனால் மன்னிப்பு வாங்கிட்டு சும்மா உட்கார முடியாதே. பரிகாரம் பண்ணணும் இல்லையா. என்னுடைய பரிகாரம் என்னவென்றால், அதுக்கு அடுத்து வந்த மே மாசம் எங்க குழுவில் எல்லார் பாஸ்புக்கையும் நானே வாங்கிப் பார்த்தேன். விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய், அது 18 வயசில் இருந்து 70 வயசு வரைக்கும் எடுக்கலாம். ஜீவன் ஜோதி என்கிற ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய், அது 18-ல் இருந்து 50 வயசுக்குள் சேரணும், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் உண்டு. ஆனால் புதுசாகச் சேர்ந்த முதல் முப்பது நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். ரெண்டும் இல்லாதவங்க இந்தக் கூட்டத்தில் இருந்தால், வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க ஊக்குநரிடம் பேசிட்டுப் போங்க. என் தோழிக்காகக் கேட்டுக்கிறேன்.

இப்போ குழு செய்ததைச் சொல்றேன். அவள் பேரில் கடன் பாக்கி 14,300 ரூபாய் இருந்தது. அவள் போக நாங்க பதினொரு பேர். "கடனை நாமளே பிரிச்சுக் கட்டலாம்" என்று நான் சொன்னபோது ஒரு அக்கா எழுந்து, "மரத்துல ஏறினது அவ, கட்டறது நாமளா? என் வீட்டுல யாரு கட்டுவா?" என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கு. அந்த அக்கா கூலி வேலைக்குப் போறவங்க. யாரும் பதில் பேசலை. கூட்டம் முடிவே இல்லாமல் கலைஞ்சுது. அடுத்த கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து 130 ரூபாயை மேஜை மேல் வெச்சது அதே அக்காதான். "சென்னைக் கண்காட்சியில எனக்கு ஜுரம் வந்தப்போ என் கடையையும் சேர்த்து அவதான் வித்தா" என்றார்கள். ஆளுக்கு 1,300 ரூபாய், மாசம் 130 வீதம் பத்து மாசத்தில் கட்டி முடிச்சோம். ஒரு தவணைகூடத் தவறவில்லை.

சுய உதவிக்குழு தமிழ்நாட்டில் முதன்முதலில் தொடங்கினதே நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஆரம்பிச்சது. பயிற்சியில் இதைச் சொல்லும்போது பெருமையாக இருக்கும். அப்போ நான் சேமிப்பும் கடனும்தான் குழு என்று நினைச்சேன். அந்த 130 ரூபாய் மேஜைக்கு வந்த அன்னைக்குத்தான் குழு என்றால் என்ன என்று எனக்குத் தெரிஞ்சுது.

இப்போ எங்க குழுவில் மிளகு பறிக்க ஒரு கட்டுப்பாடு வெச்சிருக்கோம். யாரும் தனியாக ஏறக் கூடாது. பனி காய்ந்து, ஏணி காய்ந்த பிறகுதான் ஏறணும். ஏணியின் உச்சியை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டணும், அடியில் ஒருத்தர் பிடிக்கணும். ஒருத்தர் காட்டுக்கு இன்னொருத்தர், முறை வெச்சுப் போறோம், கூலி கிடையாது. ஏணி பிடிக்கக் கூப்பிட்டால் அடுப்பில் பால் இருந்தாலும் இறக்கி வெச்சுட்டுப் போகணும். இந்தக் கடைசி விதியைச் சேர்த்தது நான்தான்.

துக்க வீட்டுக்குப் போறதைப் பத்தியும் ஒரு வார்த்தை. விவிலியத்தில் யோபு என்று ஒருத்தர். ஒரே நாளில் பிள்ளைங்களையும் சொத்தையும் இழந்தவர். அவர் நண்பர்கள் மூணு பேர் வந்து ஏழு நாள், ஏழு ராத்திரி ஒரு வார்த்தை பேசாமல் அவர்கூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தது. அப்புறம் வாயைத் திறந்து, நீ என்ன பாவம் பண்ணினியோ என்று ஆரம்பிச்சாங்க, எல்லாம் கெட்டுப்போச்சு. அதனால் துக்க வீட்டுக்குப் போனால் உட்காருங்க. தண்ணி எடுத்து வைங்க, மாட்டுக்குத் தீனி போடுங்க, பிள்ளைங்களுக்குத் தலை வாரி விடுங்க. காரணம் சொல்லாதீங்க. என் மாமியார் அந்த மூணு மாசமும் என்னை ஒரு கேள்வி கேட்கலை. ராத்திரி என் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்குவாங்க, அவ்வளவுதான். அது எனக்கு எவ்வளவு தெம்பு என்று அவங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியும், இங்கே பின்னாடி உட்கார்ந்திருக்காங்க.

கடைசியாக ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். எங்களுக்கு நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாள். இறந்தவங்க கல்லறையில் பூ வெச்சு மெழுகுவர்த்தி ஏத்தி ஜெபிப்போம். போன நவம்பரில் கீழே கோயில் கல்லறைத் தோட்டத்தில் எங்க அப்பாவுக்கு ஏத்தினேன். கையில் ஒரு மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது. அவளை அவங்க காட்டு ஓரத்தில்தான் அடக்கம் பண்ணியிருக்காங்க. அவங்க முறை வேற, நம்ம முறையை அங்கே கொண்டு போகலாமா என்று தயக்கம். சாயங்கால பஸ்ஸில் மலைக்கு வந்து, அவள் மாமியாரிடம் போய்க் கேட்டேன். "அத்தை, ஒரு மெழுகுவர்த்தி ஏத்திக்கட்டுமா?"

அந்த அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போனாங்க. கோபமோ என்று பயந்துட்டேன். கையில் கற்பூரமும் தீப்பெட்டியும் எடுத்துக்கிட்டு வந்து, "வா, இருட்டறதுக்குள்ள போயிடலாம்" என்றாங்க. அவளுடைய சின்னப் பையனும் கூட வந்தான். நான் மெழுகுவர்த்தி ஏத்தினேன், அவங்க கற்பூரம் ஏத்தினாங்க. கற்பூரம் சீக்கிரம் எரிஞ்சு முடிஞ்சுது. மெழுகுவர்த்தி காத்தில் அணையப் போனது. அந்தப் பையன் ரெண்டு கையையும் குவிச்சு அதைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டான். நாங்க கிளம்பறோம்னு சொன்னபோதும் எழுந்திருக்கலை. "இன்னும் கொஞ்சம்தான்" என்றான், அவன் அம்மா மாதிரியே.

அது முழுசா உருகற வரைக்கும் நாங்களும் உட்கார்ந்திருந்தோம்.

 மே மாசம் பாஸ்புக்கைப் பாருங்க. ஏணி பிடிக்கக் கூப்பிட்டால் போங்க.